கலியாணத்துக்குப் போன வீடு

சென்ற ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சண்டிலிப்பாயில் மார்க்கண்டுவின் வீடு நிலத்தை விட்டுக் கிளம்பி, கடலைக் கடந்து, இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முற்றம் போனது, முருங்கை மரம் போனது, கிடுகு வேலியும் அதன் வாசற்கதவான படலையும் போயின, முற்றத்தில் காயப்போட்டிருந்த வெங்காயமும் நாலைந்து கோழிகளும்கூடப் போயின. கிணறு மட்டும் போகவில்லை. கிணறு என்பது குழி ஆகையால் அதைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அன்று சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை, கத்தரிக்காயைக் கேட்க ஆளில்லை. வீட்டுக்குள் மார்க்கண்டு, அவர் மனைவி பராசக்தி, அவர்களுடைய ஒரே மகள் உதயகலா ஆகிய மூவரும் இருந்தார்கள். வீட்டைக் கிளப்பியது உதயகலாவின் கோபம். இதைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இல்லை.

உதயகலாவுக்கு முப்பத்தைந்து வயது. சுன்னாகம் சந்தையில் தகப்பன் நடத்திய மரக்கறி மொத்தக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அழுகல் தக்காளியை அடியில் போட்டு மேலே நல்லதை அடுக்கிக்கொண்டு வருகிறவன் அவள் கடைக்கு முன்னால் லொறியை நிறுத்த யோசிப்பான். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சந்தையில் சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கு நுனியில் இருப்பது ஒரு தும்மலோடு போய்விடும். உதயகலாவின் கோபம் அடிவயிற்றிலிருந்து எழும்புவது. நியாயம் இல்லாமல் அது எழும்பியதும் இல்லை, எழும்பினால் இலேசில் படுத்ததும் இல்லை. அவளோடு ஒரே ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி வளர்ந்தவள் பிரதீபா. போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரு சைக்கிள், ஒரு குப்பி விளக்கு, தலைக்கு வைக்க ஒரு போத்தல் எண்ணெய். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகமாட்டாள். பிரதீபாவின் குடும்பம் வளவை விற்றுப் போட்டு நோர்வேக்குப் போன நாளில், பஸ்ஸுக்குள் ஏறிய பிரதீபா திரும்ப இறங்கி வந்து, "நீ பக்கத்திலை நிக்காமல் நான் ஒருத்தனுக்கும் கழுத்தை நீட்ட மாட்டன், சத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினாறு வருடமாக உதயகலா அந்தச் சொல்லை நம்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள், அதைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்படவில்லை. பிரதீபாவின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும் அவள் மனதில் கிடந்தது.

பிரதீபாவுக்குக் கலியாணம் சரிவந்தது யோனாஸ் என்பவனோடு. தகப்பன் நோர்வேக்காரன், தாய் கென்யாக்காரி, பையன் நல்ல நெட்டை, சிரித்த முகம். நோர்வேயில் வைத்தால் அவனுடைய ஆட்களுக்கு வசதி, யாழ்ப்பாணத்தில் வைத்தால் இவளுடைய ஆட்களுக்கு வசதி, ஒருவருக்கும் வசதியில்லாத இடத்தில் வைத்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது என்று யோசித்து, பாலித் தீவில் கடற்கரை ஹோட்டல் ஒன்றைப் பிடித்தார்கள். உதயகலா கடவுச்சீட்டு எடுத்தாள், விசா எடுத்தாள், விமானச் சீட்டை வாங்கினாள், மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வாங்கினாள், சந்தை முழுக்கச் சொன்னாள். கடலைக் கண்டாலே தலை சுற்றும் பராசக்தி, "பிளேனிலை யன்னல் கரையிலை இருக்காதை பிள்ளை" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

இந்த இடத்தில்தான் பொன்னுருக்கல் வந்து குறுக்கே விழுந்தது. கலியாணத்துக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், மாப்பிள்ளையைச் சபையில் இருத்தி, அவன் கையால் எடுத்துக் கொடுக்கும் பவுணை நகை செய்யும் பத்தர் உருக்க வேண்டும். அதிலேதான் தாலி செய்வது. பிரதீபாவின் தாய் மகாதேவி, எது விட்டாலும் இதை விடமாட்டேன் என்று நின்றாள். ஒஸ்லோவில் யோனாஸ் இருக்கும் மாடிவீட்டில் உமிச்சட்டி மூட்டினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். ஆகவே சண்டிலிப்பாயில் உதயகலாவின் வீடே மாப்பிள்ளை வீடாக இருக்கட்டும் என்று முடிவானது. மாப்பிள்ளைக்குப் பதிலாக இருத்த அந்த ஒழுங்கையில் கலியாண வயதில் ஒரு ஆண்பிள்ளை இல்லை; இருந்தவர்கள் எல்லாரும் கனடாவிலும் இலண்டனிலும் இருந்தார்கள். மகாதேவி தொலைபேசித் திரையில் முகத்தைக் காட்டி, "நீயே இரு பிள்ளை, நீ எங்களுக்குப் பிறத்தியே?" என்றாள். உதயகலாவுக்கு அந்த வார்த்தையில் உச்சி குளிர்ந்துவிட்டது. தலையில் தலைப்பாகையைக் கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, பெண்டுகள் எல்லாரும் சிரிக்கச் சிரிக்கப் பலகையில் போய் இருந்தாள். பத்தர் கனகசபாபதி சிரிக்கவில்லை. அவர் ஊதுகுழலால் ஊதிப் பவுணை உருக்கி, ஆறவைத்து, தட்டத்தில் வைத்து அவளிடம் நீட்டினார். "தம்பி, இனித் தாலி ஏறும்வரைக்கும் நீர் படலை தாண்டக் கூடாது" என்றார். அவர் தம்பி என்றதற்காகச் சபை இன்னொரு முறை சிரித்தது.

மறுநாள் விடிய உதயகலா சந்தைக்குப் போக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு படலையால் வெளியே போனாள். போனவள் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் கோழிக்கூட்டடியில் வந்து நின்றாள். பாதை மாறிவிட்டேனோ என்று திரும்பப் போனாள். திரும்பவும் கோழிக்கூடு. மார்க்கண்டு போய்ப் பார்த்தார், ஒழுங்கையில் கால் வைத்தார், கடைக்குப் போய் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தார். பராசக்தியும் போய் வந்தாள். உதயகலா வேலியைப் பிரித்துக்கொண்டு போனாள், பின்மதிலேறிக் குதித்தாள், கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். என்ன செய்தும் வெளியே எடுத்து வைத்த கால் உள்ளே வந்து விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த அயலவர்கள், பொன்னுருக்கினால் அப்படித்தான், முந்தியும் அப்படித்தான், முந்திய மாப்பிள்ளைமார் வெளியே போக நினைக்காதபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் தங்கள் தங்கள் வேலைக்குப் போனார்கள்.

உதயகலா மகாதேவிக்குத் தொலைபேசி எடுத்தாள். இதற்கு ஏதும் பரிகாரம் இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"ஓம் பிள்ளை, அது முறைதானே" என்றாள் மகாதேவி, தேத்தண்ணிக்குச் சீனி போதும் என்று சொல்கிற மாதிரி. "நீ நில்லு. லைவ் போடுவினம், வடிவாய்ப் பார்க்கலாம்."

"அன்ரி, உங்களுக்கு முதலே தெரியுமே?"

"தெரியாமல் என்ன? ஆரோ ஒராள் இருக்கத்தானே வேணும்."

உதயகலா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அன்று பின்னேரம் பராசக்தி குசினியில் பால் காய்ச்சும்போது அடுப்பில் சட்டி தானாக ஆடியது. மார்க்கண்டு வெளியே போய்ப் பார்த்தார். வீட்டின் அத்திவாரத்துக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. படலையடியில் ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டார், வருகிற போகிற ஆட்கள் தடக்கி விழக் கூடாது என்று. தாலி செய்து முடிந்து, அதை எடுத்துப் போகக் கொழும்பிலிருந்து பிரதீபாவின் சித்தப்பா மகன் வந்தான். வந்தவன் ஒரு தேத்தண்ணி குடித்தான், பெட்டியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான், படலையால் வெளியே போனான். எந்தத் தடையும் இல்லை. "தாலி போகலாம், நான் போகக் கூடாதோ!" என்று உதயகலா கத்தினாள். அன்றைக்கு வீடு ஓர் ஆள் உயரம் எழும்பியது. மார்க்கண்டு ஏணி கொண்டுவந்து சாத்தினார்.

பிரதீபா கதைக்கவில்லை. கைகூப்புகிற படமும் அழுகிற படமும் போட்டு, அம்மாவோடு சண்டை பிடிக்காதே, நான் பிறகு ஊருக்கு வருவேன் என்று எழுதினாள். பிறகு என்றால் எப்போது என்று உதயகலா கேட்டு எழுதினாள். பதில் இல்லை. உதயகலா அதன் பிறகும் சூட்கேஸைக் கட்டி விறாந்தையில் வைத்தாள். விமானத்துக்குப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை, மயில்கழுத்துச் சேலையை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, சூட்கேஸின் மேல் ஏறி இருந்தாள். வான் வந்து ஒழுங்கையில் நின்றது. சாரதி மேலே அண்ணாந்து பார்த்தான், வாடகை இல்லையென்றால் முதலே சொல்லியிருக்கலாமே என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து உதயகலாவின் தொலைபேசி கிணுங்கியது. பிரதீபா கலியாணத்தின் லிங்க்கை அனுப்பியிருந்தாள், மறக்காமல் பார் என்று. உதயகலா அதைப் படித்தாள். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. மின்கம்பி அறுந்த சத்தம் கேட்டது, கோழிகள் கத்தின, வீடு போய்விட்டது.

மணற்காட்டுக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலிகாமப் பக்கத்து வீடு ஒன்று தென்கிழக்கே போவதைக் கண்டார்கள். ஓட்டு வீடா, சீமெந்துக் கூரையா என்பதில் அவர்களுக்குள் இப்போதும் தர்க்கம் உண்டு. நடுக்கடலில் காற்று நன்றாக இருந்தது. பராசக்தி யன்னல்களைச் சாத்திவிட்டுச் சாமியறைக்குள் இருந்தாள், மார்க்கண்டு முற்றத்து வெங்காயத்தைக் கிளறிக் கொடுத்தார். உதயகலா சூட்கேஸை விட்டு எழும்பவில்லை. அவளுக்குப் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை, கோபம் மட்டுந்தான். கோபம் சற்றுத் தணிந்தால் வீடு பதிய இறங்கியது, அலை வந்து படலையை நனைத்தது. அப்போதெல்லாம் அவள், ஆரோ ஒராள் இருக்கத்தானே வேணும் என்ற வசனத்தை நினைத்துக்கொண்டாள். வீடு மேலே போனது.

பாலியில், கடலைப் பார்த்த புல்தரையில், மணவறைக்கும் சாப்பாட்டுப் பந்தலுக்கும் நடுவே வீடு இறங்கியது. ஹோட்டல் முகாமையாளர் வந்து அறை பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். குடிவரவு அதிகாரி ஒருவர் வந்து, உதயகலாவின் விசா எல்லாம் சரியாக இருந்ததால், படலைக்கு மேலால் கையை நீட்டி முத்திரை குத்திக் கொடுத்தார். மார்க்கண்டுவும் பராசக்தியும் வீட்டை விட்டு இறங்காதவரை அவர்கள் இலங்கையில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். விடிய அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, மற்ற வாசல்களில் வைக்கிறது போலவே, ஓலைத் தட்டில் பூவும் சோறும் வைத்து அந்தப் படலையடியிலும் ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனாள். மகாதேவி மாத்திரம் தூரத்தில் நின்று பார்த்தாள், முகம் கறுத்தாள், வந்த சனத்துக்கு அது அலங்காரம் என்று சொல்லி வைத்தாள்.

கலியாணம் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஐயர் மந்திரம் சொன்னார். யோனாஸின் சித்திமார் நைரோபியிலிருந்து வந்து நெருப்பு நிறச் சட்டைகளில் வரிசையாய் இருந்தார்கள், ஒஸ்லோக்காரர் வெயிலில் சிவந்துபோய் விசிறிக்கொண்டு இருந்தார்கள். இங்கேயும் படலை தாண்ட முடியாத உதயகலா விறாந்தைத் தூணோடு நின்று பார்த்தாள். கூப்பிடு தூரத்தில் கூறைச்சேலையில் பிரதீபா இருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யோனாஸ் தாலியை எடுத்துக் கட்டினான். முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தான். முடிச்சுத் தானாக அவிழ்ந்து தாலி அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மறுபடி கட்டினான், மறுபடி விழுந்தது. கைவேலை நன்றாகத் தெரிந்த ஒரு சித்தி வந்து கட்டிப் பார்த்தாள். அதுவும் விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "பொன்னுருக்க இருந்தது ஆர்?" என்று கேட்டார். தமிழ் விளங்கியவர்கள் எல்லாரும் வீட்டைப் பார்த்தார்கள். விளங்காதவர்களும் அவர்களைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தார்கள்.

மகாதேவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படலைக்கு வந்தாள். "இப்ப உனக்குச் சந்தோசமே?" என்றாள்.

"நீங்கள் போங்கோ அன்ரி. அவளை வரச் சொல்லுங்கோ."

பிரதீபா வந்தாள். மாலையும் தலைச்சாமானும் பாரமாக இருந்தன, மெல்ல நடந்துதான் வந்தாள். படலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரே பார்த்தார்கள். பிரதீபாவின் குரல் இருக்கிற இடம் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஆஸ்பத்திரியில் கதைப்பது போலக் கதைத்தாள்.

"உதயா, அம்மாவைக் கோவிக்காதை. உன்னை இருத்தச் சொன்னது நான்தான்."

"என்ன?"

"இருந்தால் உனக்கு வர ஏலாதெண்டு தெரியும். பத்தர் அம்மாவுக்குச் சொன்னவர், அம்மா எனக்குச் சொன்னவ. அதாலைதான்." அவள் கண்ணில் மை கரைந்து வழிந்தது. "அங்கை ஒருத்தருக்கும் என்னை வடிவாத் தெரியாது. நான் சத்தம் போட்டுக் கதைக்கிறேல்லை, கையாலை சாப்பிடுறேல்லை, ஒண்டுக்கும் கோவிக்கிறேல்லை. யோனாஸும் நான் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான். நீ வந்து அத்தினை சனத்துக்கு நடுவிலை எடியே எண்டு ஒரு சத்தம் போட்டியெண்டால், நானும் திரும்பிச் சத்தம் போட்டிடுவன். பிறகு நான் அவைக்கு ஆர்?"

மகாதேவியின் மேல் வைத்திருந்த கோபம் உதயகலாவை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தது. இப்போது அதைவிடப் பெரியது ஒன்று வந்தது, அதோடு அழுகையும் வந்தது, அழுகை வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"என்னை வெக்கமெண்டு சொல்லுறியோடி, மூதேசி?" என்றாள். அந்தச் சத்தத்தில் பந்தலில் கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன. "நீ மெதுவாக் கதைக்கிறனியோ? சுன்னாகம் சந்தியிலை நிண்டு நீ கத்தினால் மல்லாகத்திலை பஸ் நிக்கும். நான் உன்னட்டைத்தானடி கத்தப் பழகினனான்! பதினாறு வருசம்! உன்ரை ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு நான் பதினாறு வருசம் இருந்தனான். நீ என்னைப் பலகையிலை இருத்திக் கட்டிப் போட்டிட்டு லிங்க் அனுப்புறியோ, லிங்க்?"

ஐயர் நேரம் போகிறது என்று கூப்பிட்டார். உதயகலா மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஒருத்தியின் கலியாணத்தைக் குழப்பிவிட்டுப் போகிற வளர்ப்பு அவளுக்கு இல்லை; அதை நினைக்கவும் அவளுக்குக் கோபமாக இருந்தது. "உன்ரை ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கை வா. பொன்னுருக்கின இடத்திலை வைச்சுக் கட்டச் சொல்லு. எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்லு" என்றாள்.

அப்படித்தான் பிரதீபாவின் கலியாணம் சண்டிலிப்பாய் வீட்டு மண்டபத்தில் நடந்தது. நைரோபிச் சித்திமார் விறாந்தையில் நெருக்கியடித்து இருந்தார்கள், ஒஸ்லோக்காரர் முற்றத்தில் வெங்காயத்தை மிதிக்காமல் நின்றார்கள், பராசக்தி அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். யோனாஸ் குனிந்து, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, உள்ளே வந்தான். உதயகலா பிரதீபாவின் பக்கத்தில் நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, நின்றாள். அவள் பிரதீபாவின் தலைமயிரை ஒதுக்கிப் பிடிக்க, யோனாஸ் கட்டினான். மூன்று முடிச்சும் நின்றன. எல்லாரும் அரிசி போட்டார்கள்.

சனம் சாப்பாட்டுக்கு வெளியே போனது, மாப்பிள்ளையை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இனி நீயும் வெளியே வரலாம் பிள்ளை என்று மகாதேவி படலையில் நின்று சொன்னாள். உதயகலா வரவில்லை. பிரதீபா மட்டும் உள்ளே நின்று, அவள் கையைப் பிடித்து, மெல்லிய குரலில் நன்றி என்றாள். இதைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. பொன்னுருக்க இருந்ததற்கு நன்றி, சந்தனம் அரைத்ததற்கு நன்றி என்று கணக்குத் தீர்க்க உதயகலா கூலிக்கு வந்தவளா? அவள் கதவை அறைந்து சாத்தினாள், சண்டையைத் தொடங்கினாள். வீடு எழும்பியது. கீழே நின்ற விருந்தினர், பெண் சில நாள் பிறந்த ஊருக்குப் போவது தமிழர் முறையாக்கும் என்று எண்ணிக் கைதட்டினார்கள். யோனாஸ் கையை அசைத்துக்கொண்டே, வீடு புள்ளியாகும் வரைக்கும், கரையில் நின்றான்.

வீடு பழைய இடத்தில் கொஞ்சம் கோணலாக வந்து அமர்ந்தது. இறங்கிய பிரதீபா கூறைச்சேலையில் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவியதைக் கண்ட அயலவர்கள், வீடு போன விசயத்தைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். சண்டை நிற்கவில்லை. முதல் நாள் உதயகலா மட்டுந்தான் கத்தினாள். பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நாள், நீ ஒரு முறையாவது எனக்கு நேரம் பார்த்து எடுத்தனியோ, நான் அங்கே தனியப் பனிக்குள் கிடந்து பட்டது உனக்குத் தெரியுமோ, உனக்கு உன் கடைதான் பெரிசு என்று அவளும் தொடங்கினாள். தொடங்கியபோது குரல் உடைந்து உடைந்து வந்தது, துருப்பிடித்த தண்ணீர்க் குழாய் போல. மத்தியானத்துக்குள் குரல் சரிவந்துவிட்டது. ஒழுங்கை முனைக் கடையில் ஆட்கள் வானொலியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். மார்க்கண்டு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் யோனாஸ் எடுத்தான். பிரதீபா ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, மற்றக் கையை உதயகலாவின் முகத்துக்கு நேரே நீட்டி, கத்த வந்ததைக் கத்தி முடித்துவிட்டுத்தான் காதில் வைத்தாள். பின்னால் சத்தம் போடுகிற அந்தப் பெண் யார் என்று அவன் கேட்டான். உதயகலா வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிரதீபா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நான்தான்" என்றாள். பிறகு, அவனுக்கு விளங்கும் பாஷையில், இன்னும் உரத்துச் சொன்னாள்.

பிறகு அவன், தொலைபேசியை வைக்க வேண்டாம், அப்படியே மேசையில் விட்டுவிட்டுச் சண்டையைத் தொடரச் சொன்னான், தனக்குக் கேட்க வேண்டும் என்றான். உதயகலாவுக்கு அவன் மேல் ஒரு மதிப்பு வந்தது. பிரதீபாவின் மேல் வைத்த கோபத்தில் அதைக் கழிக்க அவள் சம்மதிக்கவில்லை. மேசையில் தொலைபேசி கிடக்க, இரண்டு பேரும் விளக்கு வைக்கும்வரை கத்தினார்கள்.

பிரதீபா பிறகு கொழும்பு பஸ்ஸில் ஏறி, எல்லாரையும் போல விமானத்தில் ஒஸ்லோவுக்குப் போனாள். மன்னிப்பு என்று ஒன்று கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் அவள் எடுப்பாள், உதயகலா முதல் மணியிலேயே தூக்குவாள், ஏனடி இவ்வளவு நேரம் என்று தொடங்குவாள். அந்த நேரத்துக்கு முன்னால் பராசக்தி அடுப்பிலிருக்கும் சட்டிகளை இறக்கித் தரையில் வைத்துவிடுவாள், மார்க்கண்டு ஏணியை எடுத்துப் படலையில் சாத்துவார். வீடு மூன்று முழமோ நாலு முழமோ எழும்பி, கதை முடியும்வரை அப்படியே நிற்கும். ஒழுங்கையால் போகிறவர்கள் தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு போவார்கள், ஒழுங்கைப் பக்கம் சரிந்த கிடுகு வேலி இடிக்கும்.